பதினொரு குழுக்களுக்கு ஒரு விடுப்பு விண்ணப்பம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு தைரியம் இருக்குமோ என்னவோ. இந்தக் கதை ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜியில் பிறந்தது. தட்டைக் காலி செய்தவன் நான். திட்டு வாங்கியவர் என் நண்பர் சங்கரன். நடுவில் ஒரு பெண் எங்கோ தூர தேசத்திலிருந்து எழுதிய கடிதத்துக்கு, அதைப் படிக்காமலே ஒரு பதில் போய்விட்டது. அதன் பிறகு அவளிடமிருந்து ஒரு வரி கூட இல்லை. அவள் என்ன ஆனாள் என்பதுதான் கதை. மற்றதெல்லாம் நான் சும்மா இருக்கமாட்டாமல் சேர்ப்பது.

நான் பிரகாசம். சாந்தோமில் முப்பத்தொரு வருடம் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவன். உலகப்படத்தில் இல்லாத இரண்டு தீவுகளை எட்டாம் வகுப்புக்கு மனப்பாடம் செய்யவைத்த பெருமை எனக்கு உண்டு. எதையும் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு செரிக்காது. அதனால் என் மனைவி லூயிசா பென்சிலும் கையுமாக இந்தக் கைப்பிரதியைப் படிக்கிறாள். அவள் திருத்தங்களை அடைப்புக்குறிக்குள் அப்படியே விட்டிருக்கிறேன். உங்களுக்கு இரண்டு எண்கள் கிடைக்கும். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

இணையம் என்னும் கடல் மயிலாப்பூர்க் குளத்துக்குள் புகுந்த ஆண்டு அது, அப்போது —— (குளத்தில் அந்த வருடம் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. விட்டுவிட்டேன்.)

ஓய்வு பெற்ற மனிதனுக்கு நேரம் என்பது —— (இதற்கு மேல் போனால் கட்டுரையாகிவிடும். தேவாலயப் பங்கு ஆண்டுமலரில் போட்டுவிடுவார்கள்.)

சங்கரன் இருபத்துமூன்று குழுக்களில் உறுப்பினர். (லூயிசா: பதினொன்று.)

சரி, மூன்றாவதே இருக்கட்டும்.

2

சங்கரன் பதினொரு குழுக்களில் உறுப்பினர்.

சபா, சங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாம் கம்ப்யூட்டரில் நடப்பவை. ஒருவர் கடிதம் எழுதினால் அது குழுவில் இருக்கிற எல்லோருடைய பெட்டியிலும் போய் விழும். ஆங்கில எழுத்தில் தமிழ். படம் கிடையாது, பாட்டு கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஊர்ந்து வரும். மகன் சுஹாஸ் பெங்களூருக்கு வேலை மாறிப் போனபோது அந்தக் கம்ப்யூட்டரை அப்பாவுக்கு விட்டுப் போனான். "பொழுது போகும்ப்பா" என்றான். பொழுது போய்விட்டது. சாயங்காலம், காலை நடை, பிற்பகல் தூக்கம் எல்லாம் சேர்ந்து போய்விட்டன.

மயிலாப்பூரை விட்டுப் போனவர்கள் கூடி அழ 'மாடவீதி' என்று ஒரு குழு. ரசம் வைப்பவர்களுக்கு ஒன்று. வால்வு ரேடியோக்காரர்களுக்கு ஒன்று. ரயில் பைத்தியங்களுக்கு ஒன்று, மூட்டுவலிக்கு ஒன்று, எந்தப் பஞ்சாங்கம் சரி என்று அடித்துக்கொள்ள ஒன்று. ரசத்தில் துவரம்பருப்பு உண்டா இல்லையா என்று ஒரே வாரத்தில் நானூறு கடிதம் வந்தது. (லூயிசா: எனக்குத் தெரியாது. ஆனால் நம்பவில்லை.)

சங்கரனுக்கு எல்லாவற்றையும் படிக்க வேண்டும். அது அவர் தொழில் பழக்கம். ஓர் அரசு அலுவலகத்தின் எஸ்டாபிளிஷ்மென்ட் பிரிவில், மற்றவர்களுடைய விடுப்பு விண்ணப்பங்களைப் பார்ப்பதே வேலையாக முப்பத்துநான்கு வருடம் இருந்தவர். ஒரு விண்ணப்பத்தைக் கூட முழுக்கப் படிக்காமல் மேலே அனுப்பியதில்லை. 'வயிற்றுப்போக்கு' என்று ஒரு கிளார்க் எழுதினால், இது இந்த வருடத்தில் எத்தனையாவது வயிற்றுப்போக்கு என்று பழைய கட்டைப் பிரித்துப் பார்ப்பார்.

இணைப்புக்கு வருடத்துக்கு ஐந்நூறு மணி நேரம்தான் அனுமதி. உட்கார்ந்து வகுத்தார். நாளுக்கு எண்பத்திரண்டு நிமிடம். அதைப் பதினொன்றால் வகுத்தார். குழுவுக்கு ஏழு நிமிடம் இருபத்தேழு நொடி. அலாரம் டைம்பீஸ் ஒன்றைக் கம்ப்யூட்டர் மேல் வைத்துக்கொண்டார். அது அடித்ததும் ரசத்தை விட்டு ரயிலுக்குத் தாவுவார். பாதி வாக்கியத்தில் இருந்தாலும் சரி. அவருடைய கடிதங்கள் 'ஆகவே புளியைக் கரைத்த பிறகு' என்ற மாதிரி நிற்கும். உலகம் முழுக்க மீதிப் புளிக்காகக் காத்திருக்கும்.

அவர் மனைவி விஜயலக்ஷ்மி என்னிடம் சொன்னார்: "கம்ப்யூட்டரும் போன் லைன்லயே ஓடறது, யார் போன் பண்ணினாலும் எப்பவும் எங்கேஜ்டு. நாங்க ஆத்தைக் காலி பண்ணிண்டு போயிட்டோம்னு எங்க அக்கா நினைச்சுண்டிருக்கா. இவர்கிட்ட பேசணும்னா நானும் ஒரு குழு ஆரம்பிக்கணும் போலிருக்கு."

"ஆரம்பிங்க மாமி. ஏழு நிமிஷமாவது கிடைக்கும்" என்றேன்.

"பன்னெண்டுக்கு வகுத்தா ஏழு கூட வராது" என்றார் சங்கரன், திரையை விட்டுத் திரும்பாமல்.

3

தொண்ணூற்றேழு பங்குனியில் அறுபத்துமூவர் திருவிழா வந்தது. சங்கரன் வீடு கிழக்கு மாட வீதியை ஒட்டிய சந்தில். உறவுக்காரர்கள் எண்பது பேர் வந்து இறங்குவார்கள். (லூயிசா: பதினாறு.) மூன்று நாள் கம்ப்யூட்டர் பக்கம் போக முடியாது. வேறு யாராக இருந்தாலும் போகாமல் இருந்திருப்பார்கள். யாரும் தேடியிருக்க மாட்டார்கள். சங்கரன் அப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போகிறவரா? பதினொரு குழுக்களுக்கும் கடிதம் எழுதினார்.

'மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, உறவினர் வருகையை முன்னிட்டு எனக்கு மூன்று நாள் தற்செயல் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விடுப்பு முடிந்து திரும்பும் தேதி: நான்காம் நாள், முற்பகல்.'

திரும்பி வந்து பார்த்தால் பெட்டி வழிந்தது. சிரித்தவர்கள் பாதி. மீதிப் பேர் உண்மையிலேயே கேட்டிருந்தார்கள். 'சார், பரீட்சை வருகிறது, எனக்கும் இரண்டு வாரம் தருவீர்களா?' 'குழந்தை பிறந்திருக்கிறது, மூன்று மாதம் கிடைக்குமா?' எல்லோரும் என்னென்னவோ குழுக்களில் சேர்ந்துவிட்டு, படிக்கவும் முடியாமல் விலகவும் மனசில்லாமல் உள்ளுக்குள் குறுகுறுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் 'போய் வா' என்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல ஆள் கிடைத்துவிட்டது.

கேட்டால் கொடுப்பதுதானே முறை? சங்கரன் ஒரு படிவம் தயாரித்தார். பெயர், குழு, காரணம், திரும்பும் தேதி. நீளமான ரிஜிஸ்டர் ஒன்று வாங்கிக் கோடு போட்டார். இணைப்பில் இருக்கும்போது அன்றைக்கு வந்த விண்ணப்பக்காரர்களின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வார். ஒவ்வொன்றையும் படித்து முடித்ததும் சிவப்புப் பென்சிலால் டிக் போடுவார். பிறகுதான் பதில்: 'அனுமதிக்கப்பட்டது. விடுப்பு முடிந்ததும் பணியில் சேரவும். சங்கரன்.' சீட்டை ரிஜிஸ்டரில் குத்திவைப்பார்.

ஆறு மாதத்தில் விண்ணப்பதாரர்கள் இரண்டாயிரம். (லூயிசா: நூற்றிருபதுக்குக் குறைவு. நானே எண்ணினேன்.) எண்பத்திரண்டு நிமிடமும் விடுப்பு கொடுப்பதிலேயே கழிந்தது. ரசத்தைப் படித்து மாதமாகியிருந்தது. எல்லோருக்கும் விடுப்பு கொடுத்த மனிதருக்கு விடுப்பு கொடுக்க ஆளில்லை.

4

இந்த இடத்தில் சங்கரன் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. இப்படி ஒருவர் இருப்பாரா? நீங்கள் கேட்பதற்குள் நானே கேட்டுவிடுகிறேன். பெரிதாக்கிச் சொல்லும் பழக்கத்தில் உருட்டிப் பிசைந்து வைத்த பொம்மை மாதிரி இருக்கிறார். லூயிசாவிடம் கேட்டேன். "அண்ணனைப் பத்தி நீங்க எழுதியிருக்கிறதுல எண்ணிக்கை மட்டும்தான் பொய்" என்றாள். ஆகவே தொடர்கிறேன்.

டெல்பினை இப்போதே கொண்டுவர வேண்டும். அவள் 'மாடவீதி'க் குழுவில் இருந்தாள். சைதாப்பேட்டைப் பக்கத்துச் சின்னமலைக்காரி. மயிலாப்பூருக்கும் அவளுக்கும் ஒரே சம்பந்தம், கல்லூரிக்குப் போகும்போது குளத்தோரம் பஸ் மாறியதுதான். கனடாவில் ஏதோ பனி மூடிய ஊரில் ஆராய்ச்சி மாணவி. தினமும் ஒரு வரி எழுதுவாள். 'இப்போது தெற்கு மாட வீதியில் யாராவது பூக் கட்டிக்கொண்டிருக்கிறார்களா?' 'இன்று வெயில் எப்படி? பொய் சொல்லாமல் சொல்லுங்கள்.' மற்றவர்கள் பதில் போடாவிட்டாலும் சங்கரன் போடுவார். எழுந்து சந்து முனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுவார். 'நான்கு பேர். மூன்று மல்லி, ஒரு கதம்பம்.' இதற்கு மட்டும் டைம்பீஸ் கணக்கில்லை.

தொண்ணூற்றெட்டு தை முடியும்போது அந்த ஒரு வரியும் வருவது நின்றது. சங்கரன் கவனிக்கவில்லை. ரிஜிஸ்டர் நிரம்பிக்கொண்டிருந்தது.

5

பஜ்ஜி.

மாசி முதல் வாரம், பிற்பகல் நான்கு மணி. நான் சும்மா பார்க்கப் போயிருந்தேன். சங்கரன் இணைப்பில் இருந்தார். சீட்டில் இருபத்திரண்டு பெயர். வாசலில் விஜயலக்ஷ்மியின் தம்பி, கல்யாணப் பத்திரிகையும் வெற்றிலைத் தட்டுமாக. மகளுக்குக் கும்பகோணத்தில் கல்யாணம். அக்காவும் அத்திம்பேரும் அன்று ராத்திரியே கிளம்ப வேண்டும் என்று பிடிவாதம்.

சங்கரன் எழுந்தார். "பிரகாசம், கனெக்‌ஷன் ஓடிண்டிருக்கு. செத்த உக்காந்து பாருங்கோ. படிச்சுட்டுப் போடுங்கோ."

உட்கார்ந்தேன். விஜயலக்ஷ்மி பக்கத்தில் ஒரு தட்டு வைத்துவிட்டுப் போனார். சூடு. ஒரு கையில் பஜ்ஜி, இன்னொரு கை விசைப்பலகையில். அதே வரியைத்தானே அடிக்க வேண்டும்? முதல் கடிதத்தைப் படித்தேன். இரண்டாவதில் பாதி. அப்புறம் அனுமதிக்கப்பட்டது, அனுமதிக்கப்பட்டது, அனுமதிக்கப்பட்டது. ஜன்னலில் நின்று டிக்கெட் கிழிப்பது போல ஒரு சுகம். அதிகாரத்தின் ருசியும் வாழைக்காயின் ருசியும் கலந்தால் என்ன ஆகும் என்று நான் இதுவரை யாரிடமும் ——

சங்கரன் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்து இணைப்பையும் துண்டித்திருந்தேன்.

"எத்தனை பாக்கி இருந்தது?"

"ரெண்டுதான் சார். நீங்களே எல்லாம் முடிச்சிட்டீங்க போல" என்றேன்.

பதின்மூன்று. என் வாழ்க்கையில் நான் குறைத்துச் சொன்ன எண் இது ஒன்றுதான்.

(இங்கே லூயிசாவின் பென்சில் எதுவும் எழுதவில்லை. கைப்பிரதியைக் கீழே வைத்துவிட்டு, "சங்கரன் அண்ணனுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள். கதை முடியட்டும் என்றேன். "கதையைக் கேக்கல" என்றாள்.)

6

ஒன்பது நாள் கழித்துச் சங்கரன் கும்பகோணத்திலிருந்து திரும்பினார். பையைக் கீழே வைத்ததும் ரிஜிஸ்டரை எடுத்தார். விட்டுப்போன இருபத்திரண்டு விண்ணப்பங்களையும் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்து பதிவு செய்துகொண்டே வந்தார். பெயர், குழு, காரணம், திரும்பும் தேதி. பெயர், குழு, காரணம், ——

ஒரு படிவத்தில் திரும்பும் தேதி இல்லை. காரணம் என்ற இடத்தில் இப்படி இருந்தது:

'சார், எனக்கு எல்லாவற்றிலிருந்தும் விடுப்பு வேண்டும். நேரில் ஒருவரிடம் பேசிப் பதினொரு நாள் ஆகிறது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. நான் இல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் குறையாது என்று நேற்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. திரும்பும் தேதி போட இடம் விட்டிருக்கிறீர்கள். அதை எப்படி நிரப்புவது என்று தெரியவில்லை. டெல்பின்.'

அதற்குக் கீழே பதில். 'அனுமதிக்கப்பட்டது. விடுப்பு முடிந்ததும் பணியில் சேரவும். சங்கரன்.'

அவர் அந்தக் கடிதத்தைப் பதினேழு தடவை படித்தார். (இந்த எண்ணை லூயிசா திருத்தவில்லை.)

உடனே எழுதினார். பதில் இல்லை. மறுநாள் காலை எழுதினார். இல்லை. பதினொரு குழுக்களிலும் கேட்டார். டெல்பினை யாருக்காவது தெரியுமா, தொலைபேசி எண் உண்டா? பாதிப் பேர் அவர் கொடுத்த விடுப்பில் இருந்தார்கள். மீதிப் பேருக்குத் தெரியவில்லை. தினம் அவளோடு பேசியவர்கள்தான், ஆனால் அவள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் செருப்பு கூட இல்லாமல் சாந்தோமுக்கு நடந்தே என் வீட்டுக்கு வந்தார். (லூயிசா: செருப்பு இருந்தது. இடது வலது மாறியிருந்தது.) துணிப்பையில் ரிஜிஸ்டர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். "சின்னமலைன்னு ஒரு தடவை எழுதியிருக்கா. அம்மா தையல் டீச்சர்னு. அவ்வளவுதான் தெரியும் பிரகாசம். இந்தப் பொண்ணுக்கு நான் என்ன கொடுத்திருக்கேன், பாருங்கோ."

நான் பார்த்தேன். என் பஜ்ஜி நாக்கில் திரும்பி வந்தது. வாயைத் திறந்தேன். தண்ணீர் குடித்து மூடிக்கொண்டேன்.

லூயிசா தொலைபேசியை எடுத்தாள். சைதாப்பேட்டையில் அவள் ஒன்றுவிட்ட அக்கா. "சின்னமலையில தையல் டீச்சர். மக கனடாவுல படிக்குது. ஆங். கோயிலுக்குப் பின்னாடியா? பச்சை கேட்டா?" நான்கு நிமிடம். பதினொரு குழுக்களால் மூன்று நாளில் முடியாதது. லூயிசா ஒரே ஒரு குழுவில்தான் உறுப்பினர். அதில் சேர தலையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் போதும்.

போனை வைத்துவிட்டு அவள் சொன்னது மட்டும் நன்றாக இல்லை. "அந்த வீட்டுக் கதவு மூணு நாளா சாத்தியே கிடக்காம். யார் தட்டினாலும் டீச்சர் வெளிய வந்து மெதுவாப் பேசி அனுப்பிடறாங்களாம்."

சங்கரன் எழுந்து நின்றார்.

7

ஆட்டோ ஓட்டியவர் கரீமுல்லா. சங்கரன் ரிஜிஸ்டரை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னா சார், பெரியவரு இப்டி வேத்துக்கினு கீறாரு. ஆஸ்பத்திரிக்கா?"

"சின்னமலைக்குப்பா" என்றேன்.

"அது தெரியுது. நோட்ட இறுக்கிப் புட்ச்சிகினு கீறாரே, கேஸா? சைதாப்பேட்ட கோர்ட்டுன்னா இப்பவே சொல்லு, அந்தாண்ட திருப்பிக்கிறேன்."

"கேஸ்தான்" என்றார் சங்கரன். வழியெல்லாம் அவர் பேசியது இதுதான்.

"எதிர்ப்பார்ட்டி யாரு?"

சங்கரன் ரிஜிஸ்டரைப் பிரித்து, கும்பகோணம் கிளம்பிய அன்றைய துண்டுச் சீட்டை எடுத்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பதினான்காவது பெயர் டெல்பின். காற்றில் சீட்டு படபடத்தது. கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார்.

[இந்தப் பத்தியை அடிக்கலாமா என்று யோசித்தேன். கதைக்கு அவசியமில்லை என்று தோன்றியது. இருக்கட்டும். பின்னால் வேண்டியிருக்கிறது.]

8

பச்சை கேட். சாத்திய கதவு. சங்கரன் தட்டவில்லை, கையைத் தூக்கிவிட்டு நின்றார். நான் தட்டினேன்.

கதவு நாலு விரல் அளவு திறந்தது. கழுத்தில் அளவெடுக்கும் இஞ்ச் டேப் தொங்கிய ஓர் அம்மாள். உதட்டில் விரலை வைத்து, "மெதுவா. என்ன வேணும்?" என்றார்.

"டெல்பின் வீடு இதுதானே?"

"ஆமா. தூங்குது. நீங்க யாரு?"

தூங்குது. தமிழில் இதைவிட அழகான சொல்லை நான் கேட்டதில்லை. சங்கரன் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். (லூயிசா: இரண்டு பேரும் உட்கார்ந்ததாக ஆட்டோக்காரர் சொன்னார்.)

"எங்கே தூங்கறாம்மா?" என்றார் சங்கரன்.

"இங்கதான், உள்ள ரூம்ல. வந்து மூணு நாளாச்சு. அங்க ராத்திரி இங்க பகலாமே. பகல் பூரா தூங்கிட்டு விடிய விடிய முழிச்சிருக்குது. சத்தம் கேட்டா எழுந்துடும்னு கதவைச் சாத்தியே வச்சிருக்கேன்."

அதற்குள் உள்ளே இருந்து ஒரு குரல். "யாரும்மா?"

சென்னை மாசி வெயிலில் கம்பளி மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு, தலை கலைந்து, கண் வீங்கி ஒரு பெண் வந்து நின்றாள். படியில் உட்கார்ந்திருந்தவரையும் அவர் மடியிலிருந்த ரிஜிஸ்டரையும் பார்த்தாள்.

"மயிலாப்பூர் சங்கரன் சாரா?"

"ஆமாம்மா."

"நல்லதாப் போச்சு. நானே வரலாம்னு இருந்தேன். உங்கள நேர்ல வச்சுத் திட்டணும்."

"ஏய், வீட்டுக்கு வந்தவங்கள" என்றார் அம்மா.

"நீ இரு. கனடாவுலேர்ந்து இதுக்குத்தான் வந்திருக்கேன். உள்ள வாங்க சார்."

உள்ளே போனோம். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி. அம்மா ஒரு தட்டில் அச்சுமுறுக்கு கொண்டுவந்து வைத்தார். மறுபடியும் தட்டு.

"ஒருத்தி, திரும்பி வர்ற தேதி போடத் தெரியலன்னு எழுதறா" என்றாள் டெல்பின். "அதுக்கு 'விடுப்பு முடிந்ததும் பணியில் சேரவும்'னு பதில். படிச்சதும் அப்படியே உறைஞ்சு போயிட்டேன். அப்புறம் கோவம் வந்துச்சு பாருங்க. என் ஜென்மத்துல அப்படி வந்ததில்ல. இந்தக் கிழவர் ரப்பர் ஸ்டாம்ப் குத்துறாரு, நான் இங்க... அந்தக் கோவத்துல படுக்கையிலேர்ந்து எழுந்தேன். எழுந்து நாலு நாள் ஆயிருந்துச்சு. குளிச்சேன். நடந்தாத்தான் கோவம் அடங்கும்னு பனியில லேபுக்கு நடந்தேன். வழியில எங்க புரொபசர் என் மூஞ்சியப் பார்த்துட்டு, என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. நின்னு அழுதேன். அவங்கதான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. ஊருக்குப் போயிட்டு வான்னு அவங்களே லீவு கொடுத்தாங்க. என் மூஞ்சியப் படிச்சுட்டுக் கொடுத்தாங்க."

பிறகு கேட்டாள்.

"நீங்க படிக்கலதானே சார்?"

9

இங்கே நான் மூன்று விதமாக எழுதிவைத்திருக்கிறேன்.

ஒன்று. சங்கரன் புன்னகைத்தார். "படிச்சுட்டுத்தாம்மா கொடுத்தேன். கோவம் வந்தா எழுந்துடுவேன்னு எனக்குத் தெரியும்." எல்லோர் கண்ணிலும் கண்ணீர். ஏதாவது வாரப் பத்திரிகைக்கு அனுப்பினால் போட்டுவிடுவார்கள்.

இரண்டு. பிரகாசம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். "அவரைச் சொல்லாதே மகளே. படிக்காமல் போட்டவன் நான்." அம்மா விம்மினார். டெல்பின் அந்த மாமனிதரை —— (இதை நான்கு பக்கம் எழுதியிருந்தேன். லூயிசா: நடக்காததை எழுதாதீங்க.)

மூன்று, நடந்தது. சங்கரன் ரிஜிஸ்டரைக் கீழே வைத்துவிட்டு நேராக உட்கார்ந்தார். அலுவலகத்தில் மேலதிகாரி முன்னால் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார் போலும்.

"படிக்காம போன பதில் அது" என்றார். "கையெழுத்து என்னுது. தப்பு என்னுதுதாம்மா."

"இப்ப படிச்சீங்களா?"

"பதினேழு தடவை."

டெல்பின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள். கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு, "வெளிய வெயில் எப்படி சார்? பொய் சொல்லாம சொல்லுங்க" என்று கேட்டாள்.

"மண்டையைப் பிளக்கறது."

சிரித்தாள். நான் அச்சுமுறுக்கை மென்றுகொண்டிருந்தேன். நொறுக்கும் சத்தம் அந்த அறையில் அவ்வளவு பலமாகக் கேட்டது.

கிளம்பும்போது வாசலில் அவள் சொன்னாள்: "சார், இந்த லீவு எல்லாம் வேணாம். வராதவங்க வராம இருக்கட்டும். எழுதினா மட்டும் படிங்க."

10

மறுநாள் பதினொரு குழுக்களுக்கும் சங்கரனின் கடைசி ஆணை போயிற்று.

'இன்று முதல் உறுப்பினர் அனைவரும் நிரந்தர விடுப்பில் இருப்பதாகக் கருதப்படுவர். விருப்பப்பட்டபோது வரலாம், போகலாம். விண்ணப்பம் தேவையில்லை. வருபவர்களின் கடிதம் படிக்கப்படும்.'

அன்றைக்கு வந்த நன்றிகளை எடுத்துச் சொன்னால் நான் பெரிதாக்குகிறேன் என்பீர்கள். ஆஸ்திரேலியாவில் ஒருவர் படித்துவிட்டு எழுந்து போய் ஆறு மாதமாக வெட்டாமல் விட்டிருந்த முடியை வெட்டிக்கொண்டாராம். சங்கரன் ஒன்பது குழுக்களிலிருந்து விலகினார். யாரும் சாகவில்லை. ரசம் அவர் இல்லாமலே கொதித்தது. 'மாடவீதி'யும் ரயிலும் மட்டும் மிச்சம். டைம்பீஸ் சமையலறைக்குப் போய்விட்டது. குக்கருக்கு.

இப்போது அவர் வீட்டுக்குப் போன் செய்தால் மணி அடிக்கிறது. முதல் தடவை அடித்தபோது விஜயலக்ஷ்மி பயந்துபோய் எடுத்தாராம். சாயங்காலம் இருவரும் குளத்தைச் சுற்றி நடக்கிறார்கள். "ஒண்ணும் பேசறதில்லை. என் கூட நடக்கறார், போறும்" என்றார் மாமி. டெல்பின் இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். தினம் ஒரு வரி வருகிறது. சில நாள் வருவதில்லை. அப்போது சங்கரன் அவள் அம்மாவுக்கு அடுத்த வீட்டு எண்ணில் போன் செய்து கேட்டுவிடுகிறார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். எல்லோரும் நலம். கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போகலாம்.

11

நேற்று ஏழாம் பகுதியைத் திரும்பப் படித்தேன். ஆட்டோ, சீட்டு, கட்டைவிரல்.

சங்கரன் ஒரு கடிதத்தைப் படித்து முடித்தால் சிவப்பு டிக் போடுவார் என்று மூன்றாம் பகுதியில் நானே எழுதியிருக்கிறேன். கதைக்கு ருசிக்காகச் சேர்த்த விவரம். ஆனால் ஆட்டோவில் அந்தச் சீட்டை நானும்தானே பார்த்தேன்? அன்றைக்கு என் கண் டெல்பின் பெயரை மட்டும் தேடியது. இப்போது எழுதும்போதுதான் முழுச் சீட்டும் கண்ணுக்கு வருகிறது. சிவப்பு டிக் ஒன்று முதல் ஒன்பது வரை. அதற்குக் கீழே பதின்மூன்று பெயர், வெறுமையாக. அவள் பதினான்காவது.

அவர் அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டே சின்னமலை வரை வந்தார். முப்பத்துநான்கு வருடம் வயிற்றுப்போக்கு எண்ணியவருக்குப் பதின்மூன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா? 'நான் படிக்கவில்லை' என்று அவர் சொல்லவே இல்லை. 'படிக்காம போன பதில்' என்றார். 'கையெழுத்து என்னுது' என்றார். பக்கத்தில் ஒருவன் முறுக்கு தின்றுகொண்டிருந்தான். அவன் பக்கம் திரும்பவில்லை.

அல்லது காற்றில் படபடத்த சீட்டில் அவரும் ஒரு பெயரைத் தவிர எதையும் பார்க்கவில்லையோ? இதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்க வேண்டுமானால் நான் முதலில் சொல்ல வேண்டும். எதையும் பத்து மடங்காக்கிச் சொல்லும் வாய்க்கு, உள்ளதை உள்ளபடி சொல்ல வரவில்லை. ஆகவே இருபத்தோரு நாளாக இதை எழுதினேன். (லூயிசா: நாற்பது.)

முடிவை நான் எழுதப்போவதில்லை. கைப்பிரதி இப்போது உங்கள் கையில். கிழக்கு மாட வீதி நடக்கிற தூரம்தான். அந்தச் சந்தில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். கொண்டுபோய்க் கொடுப்பதும் உங்களோடு வைத்துக்கொள்வதும் உங்கள் இஷ்டம். கொடுப்பதானால் கடைசித் தாள் மேலே இருக்கும்படி கொடுங்கள். படிவம் அவருடையது. நிரப்பியது நான்.

பெயர்: பிரகாசம், சாந்தோம்.

குழு: சங்கரனின் நண்பர்கள் (உறுப்பினர் ஒருவர்).

காரணம்: பதின்மூன்று. இரண்டு அல்ல.

திரும்பும் தேதி: நீங்கள் கூப்பிடுகிற அன்று, முற்பகல்.

அனுமதிக்கப்பட்டது / நிராகரிக்கப்பட்டது. (தேவையற்றதை அடிக்கவும்.)

படித்த பிறகு சிவப்புப் பென்சிலால் இங்கே: